லாரி டியூப் வட்டு: சேலத்தில் ஆறு நாள்

நாள் 1, செவ்வாய். செவ்வாய்ப்பேட்டை, இரவு

எட்டு மாதத்தில் மூன்று மோட்டார் எரிந்துபோனதால் இந்தப் பயணம்.

கோவையில் ஒரு சின்ன மோட்டார் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். வைண்டிங்கில் ஆரம்பித்து, இப்போது டிசைன், வாடிக்கையாளர் புகார் இரண்டும் என் தலையில். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நாங்கள் கொடுத்த பத்து எச்.பி. மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரிங் போய், காயில் கருகித் திரும்பி வந்தன. மூன்றாவது வந்த அன்று ஆலைக்காரர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. "பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வாப்பா" என்றார் எங்கள் முதலாளி.

பொங்கல் லீவு கொஞ்சம் மிச்சம் இருந்தது. சித்தப்பா வீடு சேலத்தில். சரி, ஒரு வாரமாகவே இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். மகள் பொருளியல் எம்.ஏ. படிக்கிறாள். ஒரு ஊரின் தொழில் அறிவு இன்னொரு ஊருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். "நீங்க போற இடத்துல பாக்கறதை அன்னன்னிக்கே எழுதுங்கப்பா, எனக்கு உதவும்" என்று உத்தரவு. ஆகவே இந்த டயரி.

பஸ் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பெருந்துறை தாண்டியதும் தூங்கிவிட்டேன். சங்ககிரியில் லாரிகளின் ஹாரன் எழுப்பியது.

சித்தப்பாவுக்கு எழுபத்தொன்று. லேத் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். காப்பி குடித்து முடிப்பதற்குள், "வா கண்ணு, கஞ்சமலைக்குப் போய்ட்டு வந்துரலாம்" என்று வண்டியை எடுத்துவிட்டார். சித்தர் கோயில் அடிவாரம். அமாவாசைக்கு இங்கே கூட்டம் அள்ளும். இன்று நாங்கள், இரண்டு ஆடு, ஒரு பூக்காரம்மா, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஓடி வற்றிய ஓடை ஒன்றில் சித்தப்பா குந்தி உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மணலில் ஒரு இழுப்பு இழுத்தார். கவர் முழுக்கக் கறுப்பு முடி முளைத்த மாதிரி மணல் நின்றது. காந்தத்தைக் கவரிலிருந்து உருவியதும் அத்தனையும் பொலபொலவென்று அவர் உள்ளங்கையில் கொட்டியது. மேக்னடைட். இரும்புத் தாது.

இந்த வட்டாரத்து ஆட்கள் இப்படிப்பட்ட கறுப்பு மணலைக் கழுவி எடுத்துத்தான் காலங்காலமாக இரும்பு காய்ச்சினார்கள். அந்த இரும்பை ஒரு சின்ன மண்குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே பச்சை எருக்கிலை, வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட குகைகளை அடுக்கி, துருத்தி போட்டு உருக்கினால் கிடைப்பது உருக்கு. குச்சியும் இலையும் எரிந்து கரியாகி இரும்புக்குள் இறங்கும். வெள்ளைக்காரன் இதை 'வூட்ஸ்' என்றான். நம் உருக்கும் கன்னடக்காரர்களின் உக்கும்தான் அவன் வாயில் அப்படித் திரிந்தது என்பார்கள். லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இதே வூட்ஸை உடைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் சுற்றும் மோட்டாருக்கு மூலபுருஷரே அவர்தான்!

ஆவாரங்குச்சி, எருக்கிலை விவரத்தை எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். தாது இந்தச் சேலம் சீமையிலிருந்து போனது. ஆலை நொடித்தது, மனிதர் இங்கிலாந்து திரும்பி எஃகு ஊரான ஷெஃபீல்டில் இறங்கினார். 1839இல், உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை இறங்கியது, ஊர் கொழித்தது. ஹீத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவருடைய சொந்த ஏஜெண்டே செய்முறையைச் சற்று மாற்றி, இது வேறு என்று சொல்லிவிட்டான். வழக்கு இழுத்து இழுத்து, ஹீத் இறந்த பிறகு 1855இல் பிரபுக்கள் சபையில் தோற்றது.

"அவனுக்காவது கேஸ் போட ஒரு கோர்ட்டு இருந்துச்சு" என்றார் சித்தப்பா, கையைத் தட்டிக்கொண்டே. "குகை வெச்சு உருக்குனவன் பேரு எவனுக்காச்சும் தெரியுமா?"

திரும்பும்போது உருக்காலையின் புகைபோக்கி தூரத்தில் தெரிந்தது. 1967இல் எழுச்சி நாள் நடத்திக் கேட்டு வாங்கிய ஆலை. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். துருப்பிடிக்காத எஃகு செய்கிறது. ஆனால் அது கஞ்சமலைத் தாதுவால் ஓடுகிற ஆலை அல்ல. மலை சும்மாவே நிற்கிறது.

நாள் 2, புதன். பனங்காடு

முதலில் ஒரு திருத்தம். நேற்று எழுதியதை சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். காந்தம் ஸ்பீக்கரில் எடுத்தது இல்லையாம், சைக்கிள் டைனமோவில் எடுத்ததாம். "இன்ஜினியர்னு சொல்லிக்கற, இது தெரியலையா?"

இன்று கொலுசுப் பட்டறைகள். பட்டறை என்றால் ஷெட் இல்லை, வீடுதான். முன்னறையில் மூன்று மேசை, பின்னறையில் பள்ளிக்கூடப் பை, நடுவில் காஸ் அடுப்பு. வெள்ளியை உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது ஒரு வீடு, கண்ணி கோர்ப்பது, சலங்கை வைப்பது, மெருகு ஏற்றுவது என்று ஒரே கொலுசு நாலைந்து வாசல் ஏறி இறங்குகிறது. நான் உட்கார்ந்த வீட்டில் ஒரு அக்கா பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஊசி முனை அளவு பொடி, அதன் மேல் தீ நாக்கு ஒரு நொடி. வெள்ளி கண்ணாடி மாதிரி மின்னிய அந்த நொடியிலேயே கையை எடுத்துவிட வேண்டும். அரை நொடி தாமதித்தால் கண்ணியே உருகி உருண்டையாகிவிடும். "எப்படி அளவு தெரியுதுங்கக்கா?" என்று கேட்டேன். "எங்கம்மா பத்த வெப்பாங்க, நான் பக்கத்துல படுத்துத் தூங்குவேன்" என்றார். இதுதான் பதில்.

மகளுக்கு அனுப்பினேன். உடனே ஒரு வாய்ஸ் மெசேஜ்: ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற பொருளியலாளர் 1890இலேயே இதைத்தான் சொன்னாராம். ஒரு தொழில் ஒரே ஊரில் குவிந்தால் அதன் ரகசியம் ரகசியமாக இருக்காது, காற்றில் கலந்துவிடும், பிள்ளைகள் தங்களை அறியாமலே கற்றுக்கொள்ளும் என்று. கத்தி செய்யும் ஷெஃபீல்டும் அவர் பேச்சில் அடிபடுகிறதாம். ஹீத்தின் நடுப்பெயரும் மார்ஷல், இவரும் மார்ஷல், ஊரும் ஒன்று. இதில் எந்த அர்த்தமும் கிடையாது, எனக்குப் பிடித்திருந்தது.

1993இல் ஜாஃபே என்பவரும் கூட்டாளிகள் இருவரும் அமெரிக்கக் காப்புரிமைகளை எடுத்து, எந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பழைய கண்டுபிடிப்பைச் சுட்டுகிறது என்று பார்த்தார்களாம். எழுத்தில் உலகுக்கே திறந்துகிடந்தும், பக்கத்தில் இருப்பவனே அதிகமாக எடுத்துப் பயன்படுத்துகிறான் என்று வந்ததாம்.

அப்படியானால் ஊர் விட்டு ஊர் எப்படிப் போகும்? இங்கே பார்த்ததைச் சொல்கிறேன். கோலாப்பூர்ப் பக்கத்து ஹுபரியும் வெள்ளி ஊர்தான். அங்கே வரும் டிசைன் ராத்திரி போட்டோவாக இங்கே வந்துவிடுகிறது. மறுநாள் டை வெட்டக் கொடுக்கிறார்கள், ஒரு வாரத்தில் தெருவே அதைச் செய்கிறது. முதலில் செய்தவனுக்கு அந்த ஒரு வாரம்தான் லாபம். ஆனால் அந்த அக்கா ஒரு கொலுசைக் காட்டினார். போட்டோ பார்த்துச் செய்தது, அசலை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கிறது. மடக்கினால் இணைப்பு விடுகிறது. "உருவம் போன்ல வந்துருதுங்க. கெட்டி வரமாட்டேங்குது."

சாயங்காலம் தட்டுவடை செட் இரண்டு பிளேட். தேங்காய்ச் சட்னி காரமே இல்லை, சித்தப்பா கடைக்காரரிடம் சண்டை.

நாள் 3, வியாழன். ஆத்தூர்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது, மாவு நாற்றம் தலைமுடியில்.

ஜவ்வரிசி ஆலை வாசலில் மரவள்ளிக் கிழங்கு லாரி வரிசை. நிறம் பார்த்து, உடைத்துப் பார்த்து விலை சொல்கிற காலம் போய், இப்போது 'பாயிண்ட்' கணக்கு. கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்து எடை பார்க்கிறார்கள். மாவு கூடக்கூடத் தண்ணீரில் எடை கூடும். அதிலிருந்து எத்தனை பாயிண்ட் மாவு என்று சொல்லிவிடுவார்கள். லாரியில் வந்த விவசாயி தராசு முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தத் தொழிலே இந்த ஊருக்கு வழிதவறி வந்தது. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா 1880களில் அதை ஊக்குவித்துப் பரப்பினார். ஜவ்வரிசியோ பனை வகை மரத்துச் சோற்றில் செய்வது, மலேயா, ஜாவா பக்கத்துச் சரக்கு. உலகப் போரில் கப்பல் நின்றது. சேலத்து மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரமாகக் கேரளாவுக்குப் போய்வந்தவர். அங்கே மரவள்ளி மாவைப் பார்த்தார். மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யத் தெரியும். இருவரும் சந்தித்தார்கள். 1943இல் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி. ஒருவருக்குக் கிழங்கு தெரியும், மற்றவருக்கு உருண்டை தெரியும். சேர்த்து வைத்தது கருவாடு. 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாக சேகோசர்வ் வந்தது. இன்று வடநாட்டில் நவராத்திரி விரதத்துக்குக் கிண்டுகிற கிச்சடிக்கு இங்கிருந்துதான் மூட்டை போகிறது. இங்கே நாம் பாயசத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, மோட்டார். அது அரவை எந்திரத்தை ஓட்டுகிறது. தோல் உரித்த கிழங்கு சுழலும் உருளையில் சீவப்பட, மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மாவுப்பால் வழிந்து சல்லடைக்குப் போகிறது. ஒரு பங்கு பால் எங்கள் மோட்டார் ஷாஃப்ட் மேல் தெறிக்கிறது. கழற்றிப் பார்த்தேன். ஷாஃப்ட்டைச் சுற்றி ஈரம் உள்ளே போகாமல் தடுக்கிற ஆயில் சீலின் உதடு கிழிந்து, பேரிங் கிரீஸ் மோரைப் போல வெளுத்திருந்தது. ராத்திரி ஆலை நின்றதும் சீல் ஓரத்துப் பால் காய்ந்து, கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொள்கிறது. காலையில் சுவிட்ச் போட்டவுடன் அது உதட்டை அறுக்கிறது. அப்புறம் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடுகிறது. கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோட் ரிலேயையும் அடிக்கடி விழுகிறது என்று கூட்டி வைத்திருக்கிறார்கள். ஆகப் பாவத்தில் ஆளுக்குப் பாதி.

ஆனால் இரண்டடி தள்ளி, வேறு கம்பெனியின் பழைய மோட்டார் ஒன்று அதே தெறிப்பில் நனைந்துகொண்டு ஜம்மென்று ஓடுகிறது. பத்தொன்பது வருடமாம். குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட்டில் கறுப்பாக ஒரு வட்டு சுற்றுகிறது. பழைய லாரி டியூபில் வெட்டிய ரப்பர். நடு ஓட்டையை ஷாஃப்ட்டைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, இழுத்து மாட்டியிருக்கிறார்கள். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி, விளிம்பு மட்டும் மூடியைத் தொட்டும் தொடாமலும் உரசுகிறது. வருகிற பாலைச் சீல்வரை விடாமல் விசிறி அடிக்கிறது. இதையே அழகாக வார்த்து 'வி ரிங்' என்று கேட்லாக்கில் விற்கிறார்கள். நானே அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். தேவை என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வெட்டியவர் ஆலை மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதலில் "சார்" என்றார். நான் கிரீஸைத் தொட்டு முகர்ந்ததைப் பார்த்ததும் "தம்பி" ஆனேன்.

"இது நான் கண்டுபிடிச்சது இல்லீங் தம்பி. திருச்செங்கோட்டு ரிக் வண்டில ஆறு வருசம் ஹெல்பரா இருந்தேன். ஆந்திரா, சத்தீஸ்கர்னு ஊரூரா போர் போடுவோம். கல்லு மாவு சேறாத் தெறிச்சு பேரிங்க திங்கும். அங்க டிரில்லர் இப்படித்தான் டியூப் வெட்டி மாட்டுவாரு. இங்க வந்தா சேறு வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்!"

நானும் என் கதையைச் சொன்னேன். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் முதல் இந்திய மோட்டாரைச் செய்தார்கள் என்று பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது. பைகாரா மின்சாரம், பஞ்சாலை, கிணற்றுப் பம்பு, எல்லாம் சேர்ந்து வளர்த்த தொழில். எங்கள் பட்டறையின் பாடி வார்ப்பு அச்சும் பஞ்சாலையை நினைத்தே செய்தது. எங்களுக்கு எதிரி பஞ்சுத் தூசி. அது காய்ந்த எதிரி. ஊதித் தள்ளினால் போய்விடும். ஈரமான எதிரியை நாங்கள் நினைக்கவே இல்லை. பேப்பரில் சரியாக இருந்தது என்றால் கோவைப் பேப்பரில் சரியாக இருந்தது.

எங்கள் மோட்டாருக்கும் ஒரு வட்டு வெட்டச் சொன்னேன். கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். காய்ந்த கத்தி ரப்பரைப் பிடித்து இழுக்கும், நனைந்தது வழுக்கிப் போகும். டியூபின் வால்வுப் பக்கத்தைத் தவிர்த்தார், அங்கே ரப்பர் ஒரே கனமாக இருக்காது. ஓட்டைக்கு அளவுகோல் இல்லை. ஷாஃப்ட்டை விரலால் வளைத்துப் பிடித்து, அந்த வளையத்தைக் கொஞ்சம் இறுக்கி, அதை ரப்பர் மேல் வைத்து வெட்டினார். கூடுதலாக ஒன்று வெட்டி என் கையில் கொடுத்தார், கோவைக்குக் கொண்டுபோய்க் காட்ட.

வாங்கிக்கொள்ளும்போது எனக்குக் கஞ்சமலை ஞாபகம் வந்தது. அது சங்கடமாக இருந்தது.

இரவு ஆலைக்காரர் வீட்டிலேயே தங்கல். போனில் அப்படித் திட்டியவர், மூன்று முறை ரசம் ஊற்றினார்.

நாள் 4, வெள்ளி. ஏத்தாப்பூர் வழியாக

காலையில் ஆலைக்காரரின் மகன் வயலுக்குக் கூட்டிப்போனார். மரவள்ளிக் கொழுந்து ஒன்று முட்டைக்கோசு மாதிரி சுருண்டு குவிந்திருந்தது. பிரித்தால் உள்ளே வெள்ளை மாவுப்பூச்சி. இது 2020இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் முதலில் கண்ணில் பட்டு, சேலம், நாமக்கல் என்று பரவி விளைச்சலைச் சாய்த்தது. கோவைக்காரனுக்கு இது புதிதல்ல. 2008இல் எங்கள் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து, பப்பாளி, மல்பெரி, வேலியோரச் செடி எல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு நின்றது. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து குட்டிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அடங்கியது.

இங்கேயும் குளவிதான். அது வந்த வழியைக் கேளுங்கள். இந்தப் பூச்சி 1970களிலேயே ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து மரவள்ளியை அழித்தது. அதைத் தின்பது எது என்று தேடி, 1981இல் பராகுவேயில் 'அனாகைரஸ் லோபெஸி' என்ற குளவியைப் பிடித்தார்கள். ஹான்ஸ் ஹெரன் என்ற ஸ்விஸ்காரர் தலைமையில் அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள். அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு. நமக்குத் தேவை வந்தபோது பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து அதை வாங்கி, தனிமைப்படுத்திச் சோதித்து, 2022 மார்ச்சில் இதோ இந்த ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்கு விட்டது.

மகன் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, கடினமாக, எள்ளுருண்டைத் துணுக்கு மாதிரி சில. குளவி உள்ளே முட்டையிட்டு, புழு தின்று, கூடாகிப்போன பூச்சிகள். ஒன்றின் முதுகில் வட்டமாக ஓட்டை. குளவி வெளியே போய்விட்டது. அதைத் தேடினேன், கண்ணில் படவில்லை. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது.

"குளவிய வாங்கிட்டு வர்றது ஈசிங்க. மருந்தடிச்சா அதுவும் சேந்து சாகும். பக்கத்துத் தோட்டக்காரங்க அடிக்கறப்ப நாம அடிக்காம நிக்கணும் பாருங்க, அதுக்குத்தான் தைரியம் வேணும்" என்றார். டப்பாவில் குளவி வரும். அந்தத் தைரியத்தை யாரோ ஒருத்தர் வயல் வரப்பில் நின்று சொல்லித் தரவேண்டும். ஏத்தாப்பூர் பக்கத்தில் இருப்பதன் பலன் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

கிளம்பும் முன் ஆலைக்குள் எட்டிப் பார்த்தேன். வட்டு போட்ட எங்கள் மோட்டார் ஓடுகிறது. மெக்கானிக் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, உங்க மோட்டார்ல டெர்மினல் பாக்ஸ் ஏன் வலதுபக்கமே இருக்கு? எங்களுக்குத் தண்ணி அடிக்கறது அந்தப் பக்கந்தான். இடதுபக்கம் மாத்திக் குடுக்க மாட்டீங்களா?"

கேபிளை இணைக்கிற அந்தப் பெட்டி பாடியோடு சேர்த்து வார்ப்பது, அச்சு அப்படி என்றேன். "அச்சு அப்படி ஏன்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதே இல்லை. "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேங்ணா" என்று நம்பர் வாங்கிக்கொண்டேன்.

சேலம் திரும்பும் வழியில் கல் உடைக்கும் கிரஷர்கள். ஜல்லிதானே என்று இளக்காரமாகப் பார்க்கக்கூடாது. சந்திரயான் 2 தரையிறங்குவதைப் பழக நிலா மண் போன்ற மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் கொள்ளை விலை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிற அனார்த்தோசைட் பாறை நிலா மேட்டு மண்ணுக்குப் பக்கத்துச் சாதி. சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் எல்லாம் கைகோத்தன. பாறையை நுணுக்கியது சேலத்துக் கிரஷர்கள். 2020இல் இஸ்ரோ அதற்குக் காப்புரிமையும் பெற்றது. சித்தப்பாவிடம் சொன்னேன். "கல்லு ஒடைக்கறவனுக்கு எத்தனை மைக்ரான்னு சொல்லிக் குடுத்தா ஒடைச்சுக் குடுக்கப் போறான்" என்றார். அதேபோல, சந்திரயான் 3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டில் திரவ எஞ்சினின் கலவை விகிதத்தை ஒழுங்குபடுத்தும் இடத்தில் இருந்த ஸ்டெப்பர் மோட்டார் சேலம் சோனா கல்லூரியில் உருவானது. மோட்டார்காரனாக எனக்கு இதில் பொறாமைதான், மறைப்பதற்கில்லை.

நாள் 5, சனி. ஏற்காடு

பெரிதாக எழுத ஒன்றுமில்லை, மூச்சுவிட வந்தேன். மலை ஏறுமுன் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது. அதைக் கட்டிய டி.ஆர். சுந்தரம் லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்து சினிமா எடுத்தவர். மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் சேலத்துக்காரர் தயாரித்ததுதான் என்பதை மலையாள நண்பர்களிடம் சொன்னால் முகம் மாறும். சித்தப்பா பஸ் ஜன்னலைத் தட்டித் தட்டிக் காட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணுவேன் என்று ஆரம்பித்தவர் பதினொன்றில் தூங்கிவிட்டார்.

காப்பிப் பழம் பறிக்கிற காலம். ஒரு சின்ன எஸ்டேட்டின் களத்தில் நின்று, கணக்கு எழுதும் ரைட்டரோடு பேசினேன். இங்கே காப்பி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. அதற்கும் முன்னால் பாபா புதன் யேமனிலிருந்து ஏழு கொட்டையை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அறிவு திருட்டுச் சாமானாகவும் போகும். பிறகு இலைத் துரு நோய். அதற்குத் தாங்கும் ரகங்கள் சிக்மகளூர்ப் பக்கத்துப் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தன. ரைட்டர் 'எஸ் 795', 'காவேரி' என்று பெயர் சொல்லிச் சொல்லிச் செடியைத் தட்டிக் காட்டினார், பேரப்பிள்ளைகளை அறிமுகம் செய்வது போல.

ஒரு பாட்டி கையில் தேங்காய் நாரைச் சுற்றிக்கொண்டு செடியின் தண்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். உரிந்த பட்டை உதிர்ந்தது. தண்டுத் துளைப்பான் வண்டு பட்டை இடுக்கில்தான் முட்டையிடும், வழவழப்பாக்கிவிட்டால் இடம் கிடைக்காது. "யார் சொல்லிக் குடுத்தாங்க பாட்டி?" "அதென்னமோ சாமி, காப்பி போர்டு ஆபீசர் வந்து சொன்னாரு. அவருக்கு எங்க மாமியாதான் சொல்லிக் குடுத்திருக்கும்." சித்தப்பா சிரித்த சிரிப்பில் பாட்டியும் சிரித்துவிட்டார்.

மகள் போனில் கேட்டாள், இதில் எது உண்மையென்று. இரண்டும் என்று எழுதிக்கொள் என்றேன். கைடு ஒத்துக்கொள்ள மாட்டாராம்.

நாள் 6, ஞாயிறு. கோவை பஸ்ஸில்

டியூப் வட்டு டிபன் பாக்ஸுக்குள் இருக்கிறது. சித்தி முறுக்கு போட்டுக்கொடுத்த பாக்ஸ். முறுக்கில் ரப்பர் வாசம் ஏறியிருக்கும்.

முதலாளியிடம் காலையில் பேசினேன். வட்டு சமாசாரத்துக்கு ஒரே சந்தோஷம். "ஒரு டிராயிங் போடு, எல்லா மோட்டாருக்கும் போட்டுரலாம், ஈரத்துக்குத் தனி மாடல்னு விக்கலாம்." டெர்மினல் பாக்ஸைச் சொன்னதும் குரல் மெதுவானது. "அச்சு மாத்தணும்னா செலவு தெரியுமில்ல? நம்ம அப்பா காலத்து அச்சு. அப்போ மில்லுல கேபிள் வலதுபக்கமா வரும்." ஆக, பதில் கிடைத்துவிட்டது. ஏதோ ஒரு பஞ்சாலையில், ஏதோ ஒரு சுவரோரம், கேபிள் வலதுபக்கமாக வந்திருக்கிறது. அதனால் ஆத்தூரில் பாக்ஸுக்குள் பால் இறங்குகிறது.

அச்சை மாற்றாமல், பாக்ஸைத் தனியாக வார்த்து எந்தப் பக்கமும் திருப்பி மாட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்று நோட்டில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு போல்ட், ஒரு ரப்பர் பட்டை. முடியும் போலத்தான் இருக்கிறது. வாஷர் கனம் மட்டும் இடிக்கிறது.

குமாரபாளையம் தாண்டிக் காவிரிப் பாலத்தில் போன் அடித்தது. மெக்கானிக் அண்ணன்.

"தம்பி, அந்த பாக்ஸ் விசயம் கேட்டீங்களா?"

"இன்னும் ஊர் போய்ச் சேரலீங்ணா."

"சரி சரி. திங்கக்கெழமை கூப்புடறேன்."